வெள்ளையா இருந்தா அழகுன்னு நினைச்சேன்

முதன்முதலா கார்ப்பெட் அனிமோன் வாங்கினப்போ, பால் மாதிரி வெள்ளையா இருந்ததைப் பார்த்து மயங்கிட்டேன். உண்மையில அது பட்டினி கிடந்தது. அதன் உடம்புக்குள்ள வாழும் நுண்பாசிகள்தான் வெளிச்சத்தை வச்சு உணவு தயாரிச்சுத் தருது. பாசி போனா நிறமும் போயிடும், சாப்பாடும் போயிடும்.

அது தெரியாம முதல் நாளே லைட்டை முழுசா வச்சேன். சுருங்கி, வாயைப் பிளந்துடுச்சு. டெஸ்ட் பண்ணாம நேரா புரொடக்‌ஷன்ல போட்ட கதை!

பயந்துபோய் வெளிச்சத்தைக் குறைச்சு, வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினேன். வெப்பம் 26 டிகிரி, ஸ்பெசிஃபிக் கிராவிட்டி 1.025, ரெண்டும் ஆடாம பார்த்துக்கிட்டேன். வாரம் ரெண்டு தடவை பொடிசா நறுக்கின இறால். என்னுது ஹாடோனி வகை, மணல்ல வாழ்றது. அடிப்பாதத்தை ஊன்ற நாலஞ்சு அங்குல மணல் போட்டேன். பம்ப் உறிஞ்சிடாம இருக்க வலையும் கட்டினேன்.

நாலு மாசத்துல பழுப்பு நிறம் திரும்புச்சு. ஒருநாள் என் குட்டி மீன் ஒண்ணையும் பிடிச்சு முழுங்கிடுச்சு. வருத்தம்தான், ஆனா பசி எடுக்குதே!

நீங்க வாங்கப் போறீங்கன்னா, நிறத்துக்கு முன்னாடி வாயைப் பாருங்க. இறுக்கமா மூடியிருக்கணும். உங்க தொட்டியும் ஒரு வருஷமாவது ஓடியிருக்கணும். அதுவரைக்கும் கடையிலேயே ரசிங்க.