கண்ணாடிப் பெட்டிக்குள் நம் பிள்ளை



"ஏழு மாதப் பிள்ளை தங்கும், எட்டு மாதப் பிள்ளை தங்காது" என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். இதை நம்பி, எட்டாம் மாதத்தில் பிறந்த பிள்ளை விஷயத்தில் முதலிலேயே கையை விரித்துவிடும் குடும்பங்களும் உண்டு. இது உண்மையன்று. கருப்பையில் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு வலுவையே கொடுக்கிறது. ஏழு மாதப் பிள்ளையைவிட எட்டு மாதப் பிள்ளைக்கே பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

நிறைமாதம் என்பது 40 வாரக் கணக்கு. 37 வாரம் நிறையுமுன் பிறந்தால் அது குறைமாதப் பிள்ளை. மிகவும் முன்னதாகப் பிறந்த பிள்ளைகளையும், மூச்சுத் திணறியோ கிருமி தாக்கியோ நலிந்த பிள்ளைகளையும் பெரிய மருத்துவமனைகளில் பச்சிளங் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டி, மூக்கில் குழாய், மார்பில் கம்பி. பார்த்த மாத்திரத்தில் பெற்ற வயிறு பதறத்தான் செய்யும். அந்தக் கருவிகள் என்ன செய்கின்றன என்று தெரிந்துகொண்டால் பாதி அச்சம் நீங்கும்.

முதலில் மூச்சு. நுரையீரலுக்குள் எண்ணற்ற சிறு காற்றறைகள் இருக்கின்றன. மூச்சை விடும்போது அவை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, உள்ளே சவர்க்கார நுரை போன்ற ஒரு பொருள் பூசியிருக்கும். நனைந்த பிளாஸ்டிக் பையின் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டால் அதை ஊதித் திறப்பது எத்தனை கடினம்! அந்தப் பூச்சு இல்லாத பிள்ளை ஒவ்வொரு மூச்சுக்கும் அப்படித்தான் போராடுகிறது. கடைசி வாரங்களில்தான் இப்பொருள் போதிய அளவு ஊறுகிறது. இக்குறைதான் காரணம் என்பதை 1959ஆம் ஆண்டு அமெரிக்காவில் மேரி எலன் ஏவரி என்ற பெண் மருத்துவரும் ஜெரே மீட் என்பவரும் வெளியிட்டனர். காரணம் தெரிந்ததே தவிர மருந்து கிடைக்கவில்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக், ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இதே நோயால் இரண்டாம் நாள் இறந்துபோனான்.

பிறகு நிலைமை மாறியது. காற்றறைகள் மூடிவிடாதபடி மெல்லிய அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தும் முறையை 1971இல் ஜார்ஜ் கிரெகரி என்ற மருத்துவர் வெளியிட்டார். மாட்டின் நுரையீரலிலிருந்து எடுத்த அந்தப் பூச்சுப் பொருளைப் பிள்ளைகளின் மூச்சுக்குழாயில் செலுத்திப் பலன் கண்டதை 1980இல் ஜப்பானிய மருத்துவர் புஜிவாரா அறிவித்தார். அன்று அதிபரின் மகனுக்குக் கிடைக்காத சிகிச்சை, இன்று பால்மரம் வெட்டுபவரின் பிள்ளைக்கு நம் பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் கிடைக்கிறது.

இவற்றுக்கெல்லாம் முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இதை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். 1972இல் நியூசிலாந்தைச் சேர்ந்த லிக்கின்ஸ், ஹோவி என்ற இரு மருத்துவர்கள், பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஓர் ஊசி போட்டால் பிள்ளையின் நுரையீரல் விரைந்து முதிர்கிறது என்று காட்டினார்கள். அந்த ஊசி நன்கு வேலை செய்ய ஏறக்குறைய ஒரு நாளாவது வேண்டும். "விடியட்டும், பார்க்கலாம்" என்று கசாயம் காய்ச்சிக்கொண்டிருந்தால் அந்த ஒரு நாள் போய்விடும். ஏழாம், எட்டாம் மாதத்தில் விட்டு விட்டு வலித்தாலோ, தண்ணீர் கசிந்தாலோ, உதிரம் பட்டாலோ உடனே 999க்குக் கூப்பிடுங்கள். அல்லது கிடைத்த காரில் கிளம்புங்கள். பிறந்த பிள்ளையை ஏற்றிச் செல்வதைவிட, வயிற்றுப் பிள்ளையோடு தாயை ஏற்றிச் செல்வதே பத்திரமானது.

இரண்டாவது சூடு. குறைமாதப் பிள்ளைக்குத் தோலடிக் கொழுப்பு இல்லை, சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதற்குத்தான் கண்ணாடிப் பெட்டி. கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்துத்தான் 1880ஆம் ஆண்டுகளில் பாரிஸ் மருத்துவர் தார்னியே இதை அமைத்தார். வழியிலோ வீட்டிலோ பிள்ளை பிறந்துவிட்டால் குளிப்பாட்ட வேண்டாம், வெந்நீர்ப் போத்தல் வேண்டாம். ஈரத்தைத் துடைத்து, தலைக்குத் துணி போட்டு, தாயின் வெற்று மார்பில் படுக்கவைத்துப் போர்த்துங்கள். 1978இல் கொலம்பியா நாட்டின் போகோட்டா நகர மருத்துவமனையில், பெட்டிகள் போதாத நெருக்கடியில் தொடங்கிய வழி இது. 2022இல் உலகச் சுகாதார நிறுவனமே, பிறந்தவுடன் இதைத் தொடங்கும்படி பரிந்துரைத்தது.

"ஆக்சிஜனைக் கொஞ்சம் கூடத் திறந்துவிடக் கூடாதா, மிசி?" என்று தாதியிடம் கேட்கும் அப்பாக்கள் உண்டு. கூடாது. அளவு மிஞ்சினால் இப்பிள்ளைகளின் கண் கெடும். காலில் சிவப்பு விளக்கோடு கட்டியிருப்பது அந்த அளவைக் காட்டும் கருவிதான். மார்புக் கம்பிகளும் இதயத்துடிப்பைக் கணக்கெடுப்பவையே. அவற்றால் பிள்ளைக்கு வலியில்லை.

இனி பால். ஏறத்தாழ 34 வாரம் வரை பிள்ளைக்குச் சப்புவதும் விழுங்குவதும் மூச்சு விடுவதும் ஒருங்கே கைவராது. ஆகவே மெல்லிய குழாய் வழியே, முதலில் ஒன்றிரண்டு மில்லிலிட்டராகப் பால் கொடுக்கிறார்கள். தாய்ப்பால் பெறும் பிள்ளைகளுக்குக் குடல் அழுகும் கொடிய நோய் குறைவாகவே வருகிறது. பவுடர் பாலுக்கு அந்தச் சக்தி இல்லை.

இங்கேதான் நம் வழக்கம் குறுக்கே நிற்கிறது. பெற்றவள் முப்பது நாள் வாசல்படி தாண்டக் கூடாது என்பதால், பிள்ளை ஆஸ்பத்திரியிலும் தாய் வீட்டிலுமாக இருக்கிறார்கள். பால் கட்டி, பிறகு வற்றியே போகிறது. நாம் பணிபுரிந்த ஒரு தோட்டத்தில், வெளியே போகக் கூடாதென்று மறித்த மாமியாருக்கும் மருமகளுக்கும் இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் அந்த மாமியாரே பாலைப் போத்தலில் வாங்கி, ஐஸ் வைத்த பெட்டியில் அடக்கி, காலை பஸ்ஸில் கொண்டுபோனார். மறுவாரம் மருமகளையும் கூட்டிக்கொண்டு போனார். பத்தியச் சாப்பாட்டை நாம் குறை சொல்லவில்லை; மிளகு ரசத்தைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டும் போகலாமே! வீட்டில் இருக்கும்போது இரவிலும் ஒரு முறை சேர்த்து, நாளுக்கு எட்டு முறையாவது கையைச் சோப்புப் போட்டுக் கழுவிப் பாலைப் பீய்ச்ச வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின் சாம்பிராணிப் புகை வேண்டாம். அந்த நுரையீரலுக்குப் புகையே ஆகாது. துணிப்பெட்டியில் அந்துருண்டையும் கூடாது. ஜி-6-பி-டி குறைபாடுள்ள பிள்ளைக்கு அது இரத்தத்தை உடைத்துக் கடும் மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும்.

தடுப்பூசிக்குப் பிறந்த தேதிதான் கணக்கு. தவழ்வதற்கும் உட்காருவதற்கும் குறைந்த மாதங்களைக் கழித்துப் பாருங்கள். இரண்டு மாதம் முந்திய பிள்ளை, ஆறாம் மாதத்தில் நான்கு மாதப் பிள்ளை செய்வதைச் செய்தால் போதும். ஆனால் கண் பரிசோதனைக்கு அட்டையில் எழுதிக் கொடுத்த தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். கண்ணின் உட்புறத்தில் வரும் கோளாறு, பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சும் நமக்குத் தெரியாது. சில வாரத் தாமதத்தில் சிகிச்சைக் காலம் கடந்துவிடும்.