நாவலும் நற்செய்தியும்
(யூபிலி ஆண்டு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு பையனின் கேள்வி. கல்லூரியில் படிக்கும் நம் பங்குப் பிள்ளை. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வருகையில் என்னை நிறுத்தி, "சார், இயேசு கடவுள் என்று 325-ம் வருஷம் ஓட்டுப் போட்டுத்தானே முடிவு செய்தார்கள்?" என்றான். எங்கே கற்றாய் என்றேன். கைப்பேசியில் பழைய படம் ஒன்று பார்த்தானாம்: 'டா வின்சி கோட்'.

எனக்குச் சுருக்கென்றது. டான் பிரவுன் எழுதிய அந்த நாவல் 2003-ல் வந்தது, படம் 2006-ல். அப்போது தமிழக அரசு படத்தை இரண்டு மாதம் நிறுத்தி வைத்தது. சென்னை உயர் நீதிமன்றம் ஜூலையில் அந்த ஆணையை ரத்து செய்தது. தடைச் செய்தி வந்த அன்று பாலக்கரை ரவுண்டானா அருகே டீக்கடையில் நின்று, 'தொல்லை ஒழிந்தது' என்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். நாவலில் ஒரு பக்கமாவது படித்திருந்தேனா? இல்லை. இத்தனை ஆண்டு கழித்து ஒரு பிள்ளை கேட்டபோது வாயடைத்து நின்றதும் அதனால்தான். ஒரு வாரம் தவணை கேட்டுக்கொண்டு படிக்க உட்கார்ந்தேன்.

கதை எழுதுவது குற்றமன்று. நற்செய்தி நூல்களில் சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. வீரமாமுனிவரோ 1726-ல் அவர் மேல் 3615 பாட்டில் தேம்பாவணி பாடினார். காவியம் என்று தெரிந்தே அதைப் படித்து மகிழ்கிறோம். டான் பிரவுன் செய்தது வேறு. கதை தொடங்குமுன் 'உண்மை' என்று தலைப்பிட்டு ஒரு பக்கம் வைத்தார். 1099-ல் தோன்றிய 'சீயோன் மடம்' என்ற இரகசியச் சங்கம் மெய்யாகவே உண்டு என்கிறது அந்தப் பக்கம். அந்தப் பெயரில் பிரான்சில் ஒரு சங்கம் பதிவானது 1956-ல். அதன் பின்னணியில் இருந்தவர் பியர் பிளான்டார். பழமை காட்டும் போலிப் பத்திரங்கள் பாரிஸ் தேசிய நூலகத்தில் சேர்க்கப்பட்டது 1960-களில். இல்லாத நிலத்துக்குப் பழைய பத்திரம் தயாரிக்கும் வித்தை நம் ஊரார் அறியாததா!

இனி அந்த ஓட்டுச் சங்கதி. 325-ல் கான்ஸ்டன்டைன் பேரரசர் நிசேயாவில் பொதுச்சங்கம் கூட்டியது மெய். ஆனால் 'இயேசு வெறும் மனிதரா, கடவுளா' என்பதல்ல அங்கே வழக்கு. எதிர்த்தரப்பு ஆரியுஸ்கூட, உலகம் உண்டாகுமுன் இருந்த தேவசுதன் என்றே அவரை ஏற்றவர். பிதாவோடு சுதன் சரிசமமா என்பதே தர்க்கம். கூடிய ஆயர்கள் இருநூறுக்கு மேல். கடைசிவரை ஒப்பாதவர் இருவர். அதற்கும் இருநூறு ஆண்டு முன்னே, ஏறத்தாழ 112-ல், பித்தினியாவை ஆண்ட பிளினி என்ற உரோமை அதிகாரி தம் பேரரசருக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது: கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகக் கொண்டு பாடுகிறார்களாம். நிசேயா இருந்ததும் அதே பித்தினியாவில்தான். சங்கம் கூடுமுன்பே அங்கே பாட்டு கேட்டுவிட்டது!

மகதலா மரியாள் இயேசுவின் மனைவி என்பது நாவலின் அடுத்த வாதம். 1945-ல் எகிப்தில் நாக் ஹம்மாதியில் கிடைத்த 'பிலிப்பு நற்செய்தி'யைச் சாட்சிக்கு இழுக்கிறது. ஆண்டவருக்கும் அப்போஸ்தலர்களுக்கும் வெகுகாலம் பின்னே எழுதப்பட்டது அது. மூலம் அரமேயம் என்று நாவல் சொல்ல, கிடைத்த ஏடோ கோப்து மொழியில் உள்ளது. முத்தமிட்டார் என்று வரும் வரியில் எங்கே என்ற சொல் இருக்கும் இடம் சிதைந்துபோயிற்று. நம் உ.வே.சாமிநாதையர் செல்லரித்த ஏட்டில் எழுத்துப் போன இடத்தில் புள்ளி வைத்துப் பதிப்பித்தார். இவர்கள் அந்த ஓட்டையில் ஒரு கலியாணத்தையே நடத்திவிட்டார்கள்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த அம்மாள் மேல் முதலில் கதை போர்த்தியவர்கள் நாமே. லூக்கா 7-ம் அதிகாரத்தில் வரும் பாவியான பெண்ணுக்குப் பெயரே இல்லை. 591-ல் திருத்தந்தை முதலாம் கிரகோரியார் தம் பிரசங்கத்தில் அவளையும் மகதலா மரியாளையும் ஒருவராக்கினார். கீழைத் திருச்சபையார் அப்படிக் கொள்ளவில்லை. நான் சிறுவனாகப் பார்த்த பாஸ்காவில் மதலேன் மரியாள் பட்டும் நகையும் சலங்கையுமாக ஆடிக்கொண்டுதான் மேடைக்கு வருவாள். உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்டு சீடருக்குச் சொன்னவள் அவளே என்பது எனக்குப் பதிந்ததேயில்லை. 1969-ல் வழிபாட்டு நாட்காட்டி அந்தக் குழப்பத்தை நீக்கியது. 2016-ல் திருத்தந்தை பிரான்சிஸ் அவருடைய ஜூலை 22-ம் நாளை அப்போஸ்தலர்களுக்குரிய விழா நிலைக்கு உயர்த்தினார். நாவலைக் கண்டு கொதித்த நான் பாஸ்காவைப் பற்றி ஒருநாளும் வாய் திறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பையனிடம் இவ்வளவும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு வேதாகமத்தைத் திறந்து, "அப்படியானால், கல்லறைக்குப் போன பெண்களின் பெயர் நான்கு நற்செய்தியிலும் ஏன் ஒன்றாக இல்லை சார்?" என்றான். இதை நாவலில் படிக்கவில்லை. தானே வாசித்துக் கண்டான். இப்போது நாங்கள் எட்டுப் பேர் ஞாயிறுதோறும் இரண்டாம் பூசைக்குப் பின் உட்கார்ந்து நான்கையும் அருகருகே வைத்து வாசிக்கிறோம். மாற்கு முடிந்து லூக்காவில் நிற்கிறோம். வருகிறவர்கள் வேதாகமம் கொண்டு வாருங்கள். எங்களிடம் இருப்பது மூன்றே பிரதி.