கூச்சலும் கொள்கையும்

தலைவரவர்களே! தோழர்களே! தாய்மார்களே!

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் பலருக்கு விநோதமாகத் தோன்றலாம். "புராணப் புரட்டைப் பற்றிப் பேசுவார் என்று வந்தோம், இவர் அமெரிக்காக்காரன் பாட்டுக் கச்சேரியைப் பற்றிப் பேசுகிறாரே" என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். முழுவதையும் கேட்டுவிட்டுச் சுளியுங்கள். நாம் சொல்லுவதாலேயே எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

ஹார்ட்கோர் பங்க் என்று ஒருவகைப் பாட்டு இருக்கின்றது. பங்க் என்றால் அந்நாட்டுப் பேச்சில் போக்கிரி, உதவாக்கரை என்று அர்த்தம். பெரியவர்கள் வைத வசவையே பிள்ளைகள் தங்களுக்குப் பெயராக வைத்துக் கொண்டார்கள். 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் கிளம்பிய அந்தப் பாட்டு, 1980ஐ ஒட்டி லாஸ் ஏஞ்சல்ஸ், சான் பிரான்சிஸ்கோ, வாஷிங்டன் முதலிய ஊர்களில் இன்னும் வேகமாகவும் இன்னும் முரட்டுத்தனமாகவும் ஆயிற்று. அதுதான் ஹார்ட்கோர். ஒரு பாட்டு ஒரு நிமிஷம்; மிஞ்சினால் இரண்டு நிமிஷம். ஆலாபனை இல்லை, சாதகம் இல்லை. பரம்பரை வேண்டாம், குரு வேண்டாம், தட்சிணை வேண்டாம். கிடாரில் மூன்று பிடி தெரிந்தால் மேடை ஏறலாம். பாட்டு என்பது ஒரு கூட்டத்தாருக்கு மாத்திரம் கடவுள் கொடுத்த வரம் என்று சொல்லிப் பிழைப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய விரோதி வேறு என்ன வேண்டும்?

நிற்க, இது நமக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். நாம் பெரிய படிப்புப் படித்தவரல்ல. இங்கிலீஷ் புத்தகத்தைப் பக்கத்தில் அகராதி வைத்துக்கொண்டு படிப்பவர். சில வருஷங்களுக்கு முன் கலிபோர்னியாவில் இருக்கும் நமது தங்கை மகள் வீட்டிற்குப் போயிருந்தோம். ஒருநாள் சாயங்காலம் அந்தப் பெண், "மாமா! ஊரில் மேடை போட்டுச் சாமியையும் சர்க்காரையும் வைகிறீர்கள். இங்கே பாட்டுப் போட்டு வைகிறார்கள். வந்து கேளுங்கள்" என்றாள். போனோம்.

போன இடம் பெர்க்கிலி என்ற ஊரில் கில்மன் தெரு 924ஆம் இலக்கம். 1986ஆம் வருஷம் டிசம்பர் 31ந் தேதி திறக்கப்பட்ட மண்டபம். மண்டபம் என்றால் பளிங்கும் விளக்கும் நினைக்காதீர்கள். சாமான் போட்டு வைக்கும் கிடங்கு மாதிரி. அதற்கு ஒரு முதலாளி கிடையாது. வாலிபர்கள் சம்பளமில்லாமல் வேலை செய்து, கூட்டம் போட்டுப் பேசி முடிவு செய்து நடத்துகிறார்கள். எந்த வயதினரும் உள்ளே போகலாம். சாராயம் விற்பதில்லை. சுவரில் சட்டங்கள் எழுதியிருக்கின்றன. நிறத்தைக் கொண்டு யாரையும் இழிவு செய்யக் கூடாது. பெண்ணை இழிவு செய்யக் கூடாது. ஆணை விரும்பும் ஆணையும் பெண்ணை விரும்பும் பெண்ணையும் இழிவு செய்யக் கூடாது. குடி, போதை, அடிதடி கூடாது. நம் நாட்டுக் கோவில் சுவர்களில் எழுதியிருக்கும் சங்கதிகளை நினைத்துக் கொண்டோம். அங்கே யார் வரக்கூடாது என்று எழுதியிருந்தது. இங்கே வந்தவர் என்ன செய்யக்கூடாது என்று எழுதியிருக்கின்றது. இந்த வித்தியாசம் சாமானியமானதல்ல.

வாசலில் இருந்த பையன் நமது நரைத்த தலையைப் பார்த்துவிட்டுக் காதுக்கு அடைப்பான் கொடுத்தான். உள்ளே போன பிறகுதான் அவன் எவ்வளவு இரக்கமுள்ளவன் என்று தெரிந்தது! பாட்டு ஆரம்பித்தவுடன் வாலிபர்கள் முட்டினார்கள், மோதினார்கள், மேடையிலிருந்து கூட்டத்தின் தலைமேல் குதித்தார்கள். நாம் முதலில் சாமியாட்டம் என்றே நினைத்தோம். கொஞ்சநேரம் கவனித்த பிறகு ஒன்று கண்டோம். கீழே விழுந்தவனை நாலு கைகள் உடனே தூக்கி நிறுத்தின. விழுந்தவன் என்ன ஜாதி, என்ன நிறம் என்று ஒரு கையும் கேட்கவில்லை.

பாட்டின் வார்த்தைகள் நமக்கு ஒன்றும் விளங்கவில்லை. தங்கை மகளைக் கேட்டோம். தனக்கும் பாதிதான் விளங்கிற்று என்றாள். ஆனால் ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு ஆரம்பிக்குமுன் பாடுகிறவன் நின்று, இது எதைப் பற்றிய பாட்டு, ஏன் பாடுகிறோம் என்று பேசுகிறான். போலீசார் கறுப்பரைச் சுடுவது, வாடகைக்காரனை வீதியில் தள்ளுவது, யுத்தத்திற்குப் பிள்ளை பிடிப்பது எல்லாம் அதில் வருகின்றன. இசைத்தட்டு வாங்கினால் பாட்டுகளை அச்சடித்த தாளும் அநேகமாய் உள்ளே இருக்கும். சிக்காகோவில் 1991ல் ஏற்பட்ட லாஸ் க்ரூடோஸ் என்ற கோஷ்டி ஸ்பானிஷ் பாஷையிலேயே பாடிற்று. அதன் பாடகர் மார்டின் சொரொண்டெகி பாட்டுக்குப் பாட்டு நின்று விளக்கம் சொல்லுவார். அர்த்தம் தெரியாத பாஷையில் மந்திரம் சொல்லிக் காசு பறிப்பது புரோகிதம். தெரியாதவனுக்கும் தெரியட்டும் என்று பாட்டை நிறுத்தி அர்த்தம் சொல்லுவது பிரசாரம்.

இந்தப்படி நாம் மெச்சிக்கொண்டு வீடு வந்தோம். அதோடு நிறுத்தியிருந்தால் நாமும் ஊருக்குத் திரும்பி, "ஆஹா, என்ன சமத்துவம்!" என்று யாத்திரை போய் வந்தவன் மாதிரி அளந்திருப்போம். ஆனால் அடுத்த வாரம் இன்னொரு கச்சேரிக்குப் போனோம். ஊரும் பேரும் வேண்டாம். சுவரில் சட்டம் எதுவும் எழுதாத இடம். பாடினவனோ முந்தின வாரத்தவனைவிடப் பத்து மடங்கு தீவிரவாதி. மனிதனை மனிதன் மிதிப்பது ஒழிய வேண்டும் என்பது அவன் பாட்டு. தங்கை மகள் நம் காதோடு, "மாமா, மேடையைப் பார்க்காதீர்கள், சுவரைப் பாருங்கள்" என்றாள். பார்த்தோம். சுவரோரமாய்ப் பெண்கள் வரிசையாக நின்று ஆண்களின் சட்டைகளைக் கையில் வைத்துக் கொண்டிருந்தார்கள்.

அவள் மாத்திரம் முன்னே போனாள். மூன்றாவது பாட்டில் ஒரு தடியனுடைய முழங்கை அவள் வாயில் விழுந்தது. உதடு கிழிந்து இரத்தம் வந்தது. மேடைமேல் இருந்தவன் அதைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே, மிதிப்பது ஒழிக என்ற பாட்டை ஒரு வரி விடாமல் பாடி முடித்தான்.

தோழர்களே! இதற்கு மேல் சொல்ல நமக்கு வெட்கமாய் இருக்கின்றது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். நாம் ஓடிப்போய் அவளை வெளியே இழுத்து வந்து, "பெண்பிள்ளைக்கு இந்த இடத்தில் என்ன வேலை?" என்றோம். இருபது வருஷகாலமாய்ப் பெண் விடுதலை பேசிவருகிற இந்த வாயிலிருந்துதான் அந்த வார்த்தை வந்தது.

அவள் இரத்தத்தைத் துடைத்துக்கொண்டே நிதானமாய்ச் சொன்னாள்: "மாமா! இதே வார்த்தையைச் சொல்லித்தானே தாத்தா எங்கள் அம்மாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்? அடித்தவனை வெளியே போகச் சொல்லவில்லை. அடிபட்டவளைப் போகச் சொல்லுகிறீர்களே, இதுதானா உங்கள் நியாயம்? நான் போகாமல் இருந்துவிட்டால் அந்த இடம் அடித்தவனுக்கே பாத்தியதை ஆகிவிடும்." அடுத்த வாரமும் போகப் போவதாகச் சொன்னாள். நமக்குப் பதில் இல்லை. அன்று மேடையில் பாடினவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம் என்று இராத்திரி முழுதும் தூக்கமில்லாமல் யோசித்தோம்.

அவள் கேட்ட நியாயத்தைச் செய்து காட்டியவர்களும் அந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள் என்று பிறகு படித்துத் தெரிந்து கொண்டோம். வாஷிங்டனில் 1987ல் மேடையேறிய ஃபுகாசி என்ற கோஷ்டியார் ஐந்து டாலருக்கு மேல் சீட்டு விற்க வேண்டாம், வயதைச் சொல்லி யாரையும் தடுக்க வேண்டாம் என்பதைக் கொள்கையாக வைத்திருந்தார்கள். கூட்டத்தில் ஒருவன் மற்றவர்களை அடித்தால் பாட்டை நடுவில் நிறுத்துவார்கள். அடித்தவனைக் கூப்பிட்டு, அவன் கொடுத்த ஐந்து டாலரைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்புவார்கள். 1991 ஜனவரியில் வளைகுடா யுத்தம் துவங்க இருந்த சமயம், வெள்ளை மாளிகைக்கு எதிரேயுள்ள பூங்காவில் நின்று யுத்தத்திற்கு எதிராகப் பாடியவர்களும் இவர்களே. அடித்தவனை வெளியேற்றத் தெரிந்தவன் யுத்தத்தைக் கண்டித்தால் அதற்கு மதிப்பு இருக்கின்றது.

அதே 1991ஐ ஒட்டிப் பெண்களே கிளம்பினார்கள். ரயட் கெர்ல் என்று அந்தக் கிளர்ச்சிக்குப் பெயர். பிகினி கில் என்ற கோஷ்டியின் பாடகி கேத்லீன் ஹன்னா, பெண்கள் முன்னே வாருங்கள், ஆண்கள் பின்னே போங்கள் என்று மேடையிலிருந்தே சொல்லுவார். அதைக் கேட்டு எத்தனையோ ஆண்களுக்குக் கோபம் வந்தது. சமத்துவப் பாட்டைக் கேட்டுத் துள்ளிக் குதித்தவன், நாலு அடி பின்னே தள்ளி நில் என்றவுடன் கோபிக்கிறான் என்றால், அவன் கேட்டது பாட்டையா, கொள்கையையா?

இன்னொரு சங்கதியும் சொல்ல வேண்டும். கொள்கை எப்படி மதமாகின்றது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 1980ல் வாஷிங்டனிலிருந்து சில பையன்கள் சான் பிரான்சிஸ்கோவுக்குப் பாடப் போனார்கள். வயது குறைந்தவர்கள் என்பதால், சாராயம் கொடுக்கக் கூடாது என்பதற்கு அடையாளமாக அவர்கள் கையில் பெருக்கல் குறி போட்டார்கள். அவர்கள் ஊர் திரும்பி, இந்தக் குறியைப் போட்டு எங்களையும் உள்ளே விடுங்கள் என்று கேட்டு வழக்கமாக்கினார்கள். அவர்களில் ஒருவரான இயன் மெக்கே, மைனர் த்ரெட் என்ற அடுத்த கோஷ்டியில், குடியும் போதையும் எனக்கு வேண்டாம் என்று 1981ல் ஒரு பாட்டு வெளியிட்டார். முழுதாய் ஒரு நிமிஷங்கூட ஓடாத பாட்டு. அது தன்னைப் பற்றிய பாட்டே தவிர, ஒரு இயக்கத்திற்குச் சட்டம் அல்ல என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். யார் கேட்டார்கள்? பெருக்கல் குறி நாமம் மாதிரி, விபூதி மாதிரி ஆயிற்று. 1990களில் சால்ட் லேக் சிட்டி முதலிய ஊர்களில், குறி போட்ட சில வாலிபர்கள் குடித்தவனையும் புகைத்தவனையும் அடித்தார்கள். குடிக்காதிருப்பது நல்ல காரியம். குடிப்பவனை உதைப்பதுதான் குடிக்காததன் அடையாளம் என்றால் அது மதமல்லாமல் வேறு என்ன?

இதோடும் நிற்கவில்லை. யூத் ஆஃப் டுடே என்ற பெயர்பெற்ற கோஷ்டியின் பாடகர் ரே கப்போ, ஹரே கிருஷ்ணா பக்தராகி, 1990களின் துவக்கத்தில் ஷெல்ட்டர் என்ற கோஷ்டியை வைத்துப் பக்தியைப் பாடினார். இன்னும் சிலரும் அதே வழியில் போனார்கள். தங்கள் நாட்டுப் பாதிரியை வேண்டாமென்று உதறியவர்கள், நம் நாட்டுப் பகவத் கீதையைக் கையில் எடுத்துக் கொண்டார்கள். நான்கு வருணத்தையும் தானே உண்டாக்கியதாகக் கிருஷ்ணன் சொல்லுகிற புத்தகம் அது என்பதை அதன் கீழே நசுங்கிய நம்மைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். எதிர்ப்பதற்கு மாத்திரம் கற்றுக்கொண்டு யோசிப்பதற்குக் கற்றுக்கொள்ளாதவன், ஒரு வாசலில் வெளியேறி இன்னொரு வாசலில் நுழைந்து அதே கும்பிடைத்தான் போடுவான்.

ஆகவே தோழர்களே! இந்தக் கச்சேரிகளிலிருந்து நாம் கற்றுக்கொண்டது இதுதான். ஒருவன் எவ்வளவு உரக்கக் கத்துகிறான் என்பது அவன் கொள்கைக்கு அளவுகோல் அல்ல. சீட்டு விலை ஏழைக்கு எட்டுமா? சுவரோரம் நிற்பது யார்? ஒருவர் அடிபட்டால் பாட்டு நிற்கிறதா? பாடுகிறவனை எதிர்த்து ஒரு கேள்வி கேட்டால் பதில் வருமா? இந்த நாலு கேள்விக்கும் பதில் சரியாயிருந்தால் அந்தப் பாட்டு ராகமில்லாவிட்டாலும் நல்ல பாட்டு. இல்லாவிட்டால் எவ்வளவு புரட்சி பேசினாலும் அது வெறும் சப்தம்.

இந்த அளவுகோல் அமெரிக்காக்காரனுக்கு மாத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். நாம் பேச ஆரம்பித்தபோது தாய்மார்களே என்று கூப்பிட்டோம். அவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். பின்னே, தூணுக்கு அந்தப்புறம், குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு. முன்வரிசையில் இருப்பவர்கள் எழுந்து இடம் கொடுக்கச் சித்தமாயிருந்தால், கேள்வி கேட்பதை அவர்களிலிருந்தே ஆரம்பிக்கலாம். அதற்காக நமது பேச்சை இத்துடன் நிறுத்திக் கொள்ளுகின்றோம்.