முள் காட்டுவதும் தொட்டியில் இருப்பதும்

(விருதுநகர் மாவட்டத்தில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் ஓர் அறிவியல் ஆசிரியர் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்பில் ஓம் விதியை நடத்தும்போது பலகையில் மின்சுற்று வரைகிறோம், கணக்குப் போடுகிறோம். ஆனால் ‘சுற்றில் பழுது எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?’ என்ற கேள்விக்கு நாம் பெரும்பாலும் போவதில்லை. அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் பாடம், பழைய அம்பாசிடர் காரின் பெட்ரோல் முள்.

மோரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் வழிவந்த அம்பாசிடரின் உற்பத்தி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் 2014-இல் நின்றது. ஆனாலும் அதைப் போற்றி ஓட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள பட்டறைக்கு அப்படியொரு வண்டி வந்தது. தொட்டி நிறைய பெட்ரோல், முள்ளோ கால் பங்கைத் தாண்டவில்லை. “மீட்டரை மாத்திருங்க” என்றார் உரிமையாளர். பட்டறை அண்ணாச்சி, “மீட்டர்தான் தப்புன்னு இன்னும் தெரியலையே” என்றார்.

இந்த அமைப்பு எளிமையானது. தொட்டிக்குள் ஒரு மிதவை. அதன் கைப்பிடி மேலும் கீழும் அசைய, மின்தடைக் கம்பிச்சுருள் மீது ஒரு தொடுமுனை நகர்கிறது. மின்தடை மாறினால் மின்னோட்டம் மாறும், முள்ளும் நகரும். சுற்று வண்டியின் உடல் வழியாகவே, அதாவது ‘எர்த்’ வழியாகவே, முடிகிறது. ஆக, சந்தேகப்பட நான்கு இடங்கள்: மீட்டர், கம்பி, மிதவை அமைப்பு, எர்த்.

அண்ணாச்சி முதலில் மீட்டரின் பின்னாலிருந்து தொட்டிக்குச் செல்லும் கம்பியைக் கழற்றினார். முள் காலிக்கு இறங்கியது. மீட்டரின் அந்த முனையை ஒரு விநாடி எர்த்தில் தொட்டார், முள் நிறைவை நோக்கி எழுந்தது. மீட்டர் நலம். சில பழைய மீட்டர்களில் இது தலைகீழாக நடக்கும். எதுவானாலும், முள் இரு பக்கமும் போகிறதா என்பதே சோதனை. அடுத்து மல்டிமீட்டரால் கம்பியைப் பார்த்தார், அறுபடவில்லை. பிறகு சாவியை அணைத்துவிட்டு, மிதவை அமைப்பின் உலோக மூடியிலிருந்து வண்டியின் உடலுக்குத் தனியாக ஒரு கம்பி கட்டினார். சாவியைத் திருப்பியதும் முள் மெல்ல ஏறி நிறைவில் நின்றது. குற்றவாளி, எர்த் இணைப்பில் படிந்த துரு.

வகுப்பில் இதைக் கணக்காக்கலாம். 10 வோல்ட் மின்னழுத்தம், மொத்த மின்தடை 80 ஓம் என்று வைத்துக்கொண்டால் மின்னோட்டம் 0.125 ஆம்பியர். துரு 120 ஓம் கூட்டினால் 0.05 ஆம்பியர்தான். முள் ஏன் இறங்கியது என்பதை மாணவரே சொல்லிவிடுவார். இரண்டு டார்ச் செல், ஒரு டார்ச் பல்பு, மரத்தைச் சீவி எடுத்த பென்சில் கரி போதும், மேசை மீதே மாதிரி செய்யலாம். இணைப்பில் ஒரு துருப்பிடித்த ஆணியைச் செருகிப் பாருங்கள், பல்பு மங்கும் அல்லது அணையும்.

ஓர் எச்சரிக்கை. உண்மையான தொட்டியின் பக்கம் மாணவர்களை விடாதீர்கள். ஒரு பொறி என்ன செய்யும் என்று பட்டாசு ஊர்க்காரர்களாகிய நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோல் ஆவியும் அப்படித்தான்.

இதை ஆசிரியர் கூட்டத்தில் சொல்லக் காரணம் உண்டு. மதிப்பெண்ணும் ஒரு முள்தான். என் வகுப்பில் ஒரு மாணவி ஓம் விதிக் கணக்குகளில் தொடர்ந்து பூஜ்யம் வாங்கினாள். “படிப்பு வரலன்னா நிறுத்திர வேண்டியதுதான் சார்” என்றார் அவள் அம்மா. வினாவை நான் வாய்விட்டு வாசித்ததும் விடையைச் சரியாகச் சொன்னாள். கணக்கு அவளுக்குத் தெரியும், நீண்ட வாக்கியத்தை வாசித்துப் பொருள்கொள்வதில்தான் தடை. இரண்டு மாதம் வாசிப்புப் பயிற்சி கொடுத்தோம். இப்போது பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறாள்.

2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலையறிந்து கற்பிப்பதும் இதற்காகத்தான். உயர் வகுப்புகளிலும் அந்தப் பழக்கம் தொடர வேண்டும். வினா புரிந்ததா? வாசிக்க முடிந்ததா? எழுத நேரம் போதுமானதாக இருந்ததா? கண் சரியாகத் தெரிகிறதா? ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்கிய பிறகே ‘இந்தப் பிள்ளைக்குப் படிப்பு வராது’ என்ற சொல்லை நாம் யோசிக்கவே வேண்டும்.

18 வயது நிறையாதவர்களை வெடிபொருள் தொழிலில் அமர்த்த 2016-இல் திருத்தப்பட்ட சட்டம் தடை விதிக்கிறது. ஆனால் பிள்ளை பள்ளியை விட்டு நின்றபின் சட்டத்தை நினைப்பதைவிட, நிற்காமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. அடுத்த தேர்வின் விடைத்தாள்களில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற மூவரை அழைத்து, அதே வினாக்களை வாய்மொழியாகக் கேட்டுப் பாருங்கள். அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசுவோம்.