திருமுழுக்கு ஒன்று, திருவிருந்து இரண்டு

ஜொகூரின் வடமேற்கே, லேடாங் மலையடிவாரத்தில் உள்ள தங்காக், துணிக்கடைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். கலியாணப் புடவை எடுக்க வெளியூர்களிலிருந்தும் அங்கே வருவார்கள். அப்படி வரும் ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். பெண் கத்தோலிக்கர்; மாப்பிள்ளை லுத்தரன் சபையைச் சேர்ந்தவர். இருவரும் தமிழர், இருவரும் கிறிஸ்தவர். ஆயினும், எந்தக் கோவிலில் கலியாணம், பிறக்கும் பிள்ளைக்கு எங்கே ஞானஸ்நானம் என்ற பேச்சு வந்ததும் பெரியவர்களின் முகம் வாடிவிடுகிறது. இந்த வேற்றுமை எவ்வளவு ஆழமானது?

1517ஆம் ஆண்டு ஜெர்மனியில் மார்ட்டின் லுத்தர் எழுப்பிய கேள்விகளால் மேற்கத்தியத் திருச்சபை பிளவுபட்டது. அந்தப் பிளவின் சுவடு தங்காக்கிற்குப் பக்கத்திலுள்ள மலாக்காவிலேயே தெரியும். 1511இல் போர்த்துக்கீசியர் கத்தோலிக்க மதத்தை அங்கே கொண்டுவந்தனர். 1641இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர் சீர்திருத்தச் சபையார். கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தனர். பின்னர் தடை தளர்ந்து, 1710இல் கத்தோலிக்கரின் பேதுரு ஆலயம் எழுந்தது. தமிழகத்திலோ, 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு லுத்தரன் சபையை வளர்த்தார். அச்சபையாரை மறுத்து வீரமாமுனிவர் நூல் எழுதினார். மலாயாத் தோட்டங்களுக்கு வந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் இந்தப் பிரிவுகளையும் கூடவே கொண்டுவந்தார்கள்.

பேச்சிலும் பிரிவு வந்தது. இவர்களுக்குப் பூசை, அவர்களுக்கு ஆராதனை. இயேசுவின் ஒரே சீடரைக் கத்தோலிக்கர் இராயப்பர் என்றனர். மற்றவர் பேதுரு என்றனர்.

இனி, கொள்கை வேற்றுமைகளைக் காண்போம். கத்தோலிக்கர் வேதத்துடன் திருச்சபையின் மரபையும் போப்பாண்டவரின் அதிகாரத்தையும் ஏற்கின்றனர். சீர்திருத்த வழி வந்தோர் வேதமே இறுதி அளவுகோல் என்பர். கத்தோலிக்க வேதத்தில் 73 நூல்கள், அவர்களுடையதில் 66. கத்தோலிக்கருக்குத் திருவருட்சாதனங்கள் ஏழு. லுத்தரன், மெதடிஸ்ட் சபையார் பொதுவாக ஞானஸ்நானம், திருவிருந்து என்ற இரண்டையே கொள்வர். மாதாவிடமும் புனிதர்களிடமும், தமக்காகப் பரிந்து பேசுமாறு கத்தோலிக்கர் வேண்டுவர். மற்றவர் இதை ஏற்பதில்லை. திருவிருந்தின் அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாகவே மாறிவிடுகின்றன என்பது கத்தோலிக்கரின் நம்பிக்கை. அப்பம் அப்பமாக இருக்க, அதனோடு கிறிஸ்துவின் உடல் மெய்யாகவே இருக்கிறது என்பர் லுத்தரன் சபையார். அது நினைவுகூர்தல் மட்டுமே என்போரும் உண்டு.

ஆனால் ஞானஸ்நானத்தில் இவ்விரு குடும்பங்களும் ஒன்றே. தண்ணீரால், பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் லுத்தரன் சபையில் பெற்ற ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கிறது, மறுபடி கொடுப்பதில்லை.

கலியாண விதியும் மாறியிருக்கிறது. முன்பு, பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்ப்போம் என்று இருவருமே வாக்குக் கொடுக்க வேண்டும். 1970இல் போப்பாண்டவர் ஆறாம் பவுல் இதைத் தளர்த்தினார். இப்போது தம்மால் இயன்றதைச் செய்வதாகக் கத்தோலிக்கர் மட்டும் வாக்களிக்கிறார். மற்றவருக்கு அது தெரிவிக்கப்படுகிறது. ஆயரின் அனுமதி வேண்டும். தனி விலக்குப் பெற்றால், மாப்பிள்ளையின் சபையிலேயே கலியாணத்தை நடத்தலாம். தங்காக் 1972இல் அமைந்த மலாக்கா-ஜொகூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது.

1999இல் ஆக்ஸ்பர்க் நகரில், மனிதன் இறைவனுக்கு ஏற்புடையவனாவது பற்றிய அடிப்படை உண்மைகளில் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் உடன்பட்டுக் கையெழுத்திட்டனர். 2006இல் மெதடிஸ்டுகளும் சேர்ந்தனர். ஆயினும் திருவிருந்து இன்னும் பொதுவாகவில்லை. கலியாணத்தைப் பூசையோடு வைத்தால், மணப்பெண் நற்கருணை வாங்கும்போது மாப்பிள்ளை வாங்காமல் நிற்க நேரிடும். அதனால்தான் இத்தகைய கலியாணத்தைப் பூசையில்லாத சடங்காக நடத்துவது வழக்கம்.

இதைக் கலியாண நாளன்று அறிவது வேதனை. முன்பே அறிந்தால் ஆறுதல். எனவே, புடவை எடுக்கப் புறப்படுமுன் இரு வீட்டாரும் சேர்ந்து சாமியாரையும் போதகரையும் கண்டு பேசட்டும். வேற்றுமையை மறைக்க வேண்டாம். அதைக் காட்டிப் பிள்ளைகளைப் பிரிக்கவும் வேண்டாம்.