ஓலையும் நாவலும்

மோட்டார் வண்டியை ஒதுக்கி எளிமையாய் வாழும் ஆமிஷ் உழவரைப் பற்றிய நாவல்களை வாசிப்பதும், துணித்துண்டுகளை இணைத்துப் போர்வை தைப்பதும் அமெரிக்காவில் பலருக்கு இனிய பொழுதுபோக்கு. அந்நாவல்களுட் பல வெளியார் எழுதியவை. புதுக்குடியிருப்பினர்க்கோ அந்தக் குறை இல்லை. 1973இல் வெளிவந்த 'நிலக்கிளி'யை எழுதிய அ. பாலமனோகரன் வன்னி மண்ணின் மைந்தர்.

கைக்குப் பன்னவேலை இருக்கிறது. சார்வோலையை உலர்த்தி, வார்ந்து, சாயமேற்றிப் பெட்டி இழைக்கையில் கண்ணுக்கும் விரலுக்கும் ஓய்வில்லை. செவி சும்மா இருக்கும். அதற்கொரு கதை வேண்டாமா?

நாவல் காட்டும் தண்ணிமுறிப்பின் மக்கள் 1984இல் இடம்பெயர்ந்தனர். 2009இல் புதுக்குடியிருப்பும் வெறிச்சோடிற்று. மீண்டவர்க்கு வடலியோலை கிடைத்தது. அந்தப் பழைய தண்ணிமுறிப்பு நூலில்தான் கிடைக்கும். அடுத்த முறை இழைக்கக் கூடும்போது, பிள்ளைகளில் ஒருவர் பதஞ்சலியின் கதையை உரக்க வாசிக்கட்டும்.