மணலை அடிக்கக் கற்றுக்கொண்ட கதை

(சென்ற ஆண்டு முன்னாள் மாணவர் கூடுகையில் ஆற்றிய உரை. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன்.)



சங்கச் செயலாளர் போன மாதம் தொலைபேசியில் அழைத்து, "தொழில் அனுபவம் பத்தி ஒரு கால் மணி நேரம் பேசுப்பா" என்றார். எனக்கும் ஆசைதான். ஆனால் வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று இந்தப் பாலாற்றங்கரையில் பிறந்தவர்களிடம் வந்து தோலைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். ஆகவே வேறொன்றைப் பற்றிப் பேசுகிறேன். கோல்ஃப். அதிலும் முழு ஆட்டத்தைப் பற்றி இல்லை. பந்து மணற்குழியில் விழுந்துவிட்டால் எப்படி வெளியே எடுப்பது, குழி இருக்கும் அந்தப் புல்தளத்துக்கு, அதாவது கிரீனுக்கு, அருகில் வந்தபின் சின்னச் சின்ன அடிகளை எப்படி ஆடுவது, அவ்வளவுதான். பின்வரிசையில் என் ஹாஸ்டல் அறைத்தோழன் சிரிப்பது இங்கே வரை கேட்கிறது. சிரிடா, சிரி. நானும் முதலில் சிரித்தவன்தான்.

"பணக்காரங்க ஆட்டமாச்சே, நமக்கெதுக்கு சார்?" என்று தம்பிகள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நம் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் ஏற்றுமதித் தொழிலில்தான் போய்ச் சேருகிறோம். எதிரே உட்கார்ந்து ஷூ வாங்குகிறவர் ஜெர்மனியிலிருந்தோ இத்தாலியிலிருந்தோ வந்தவர். வேலைப் பேச்சு முடிந்ததும், "கோல்ஃப் ஆடுவீர்களா?" என்று ஒரு நாள் என்னையும் ஒருவர் கேட்டார். "கொஞ்சம் ஆடுவேன்" என்று சொல்லிவிட்டேன். அந்தக் 'கொஞ்சம்' செய்த வேலைதான் இந்தக் கதை.

அப்போது எனக்கு 28 வயது. ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். சென்னையில் நாலு தடவை வலைக்குள் பந்தடித்துப் பழகியதுதான் என் கோல்ஃப் அனுபவம் மொத்தமும். மறு ஞாயிற்றுக்கிழமை எங்கள் முதலாளி, அந்த வெளிநாட்டுக்காரர், நான், மூவரும் ஒரு மைதானத்தில் நிற்கிறோம். ஐந்து குழிகள் எப்படியோ தப்பித்தேன். ஆறாவதில் கிரீனுக்கு முன்னால் ஒரு பங்கர். பந்து நேராகப் போய் அதற்குள் உட்கார்ந்தது.

முதல் அடியில் மட்டை மணலில் புதைந்தது; பந்து அரை அடி நகர்ந்தது. இரண்டாவது அடியில் பயந்துபோய் மணலையே தொடாமல் பந்தின் வயிற்றில் அடித்தேன். அது எதிர்க்கரையில் முட்டி என் காலடிக்கே திரும்பி வந்தது. மூன்று, நான்கு, ஐந்து. மட்டைப் பையைச் சுமந்து வந்த கேடிப் பையன் (தங்கைகள் தப்பாக நினைக்க வேண்டாம், பை சுமந்து உதவுகிறவருக்கு அந்த ஆட்டத்தில் பெயரே கேடிதான்) குழியின் ஓரத்தில் குனிந்து மெதுவாகச் சொன்னான்: "சார், பந்தை அடிக்காதீங்க. மணலை அடிங்க."

நான் இன்ஜினியர். பந்து வெளியே வரணும்னா பந்தைத்தானே அடிக்கணும்? "எனக்குத் தெரியும்பா" என்றேன். எட்டாவது அடிக்குப் பிறகு பந்தைக் கையால் எடுத்து வெளியே போட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. என் அப்பா டேனரியில் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் முப்பது வருடம் நின்றவர். அவர் அங்கே நின்று படிக்க வைத்த பிள்ளை, ஒரு கை மணலிலிருந்து ஒரு பந்தை எடுக்கத் தெரியாமல் நாலு பேர் முன்னால் நிற்கிறான். நான் வெட்டிய எட்டுப் பள்ளங்களையும் அந்தப் பையன் வாரியால் ஒவ்வொன்றாக நிரவிவிட்டு வந்தான். வீட்டுக்கு வந்ததும் மட்டைகள் பரண்மேல் ஏறின.

அவை இறங்கி வந்தது ஸ்கைவிங் மேசையால். ஷூவின் மேல்தோலில் இரண்டு துண்டுகள் சேரும் இடம் தடித்துப்போகாமல் இருக்க, ஓரத்தைச் சீவி மெலிதாக்குவோம் அல்லவா? பெரும்பாலும் அது இயந்திரத்தில்தான் நடக்கிறது. ஒரு நாள் இயந்திரம் பழுதாகிவிட, மாதிரி ஷூ பிரிவில் இருந்த ஒரு மூத்த அக்கா கையாலேயே சீவிக்கொண்டிருந்தார். நானும் ஒரு துண்டை எடுத்து முயன்றேன். கத்தி குடைந்து தோல் அறுந்தது. "கத்தியைப் படுக்க வைங்க சார். நிமித்துனா குடையத்தான் செய்யும். படுக்க வச்சு, நடுவுல நிக்காம ஒரே இழுப்பா இழுக்கணும்" என்றார். சட்டென்று எனக்கு அந்தக் குழி ஞாபகம் வந்தது. நான் எட்டுத் தடவையும் கத்தியை நிமிர்த்தி அல்லவா வைத்திருந்தேன்!

அன்று இரவே பரணிலிருந்து சாண்ட் வெட்ஜை இறக்கித் திருப்பிப் பார்த்தேன். நண்பர்களே, கோல்ஃப் மட்டைக்கும் ஹீல் உண்டு, டோ உண்டு, சோல் உண்டு. ஷூவில் வரும் அதே பெயர்கள்தான். ஆம்பூர்க்காரனுக்கு இதைவிட எளிதாக யார் பாடம் நடத்த முடியும்? இந்த மட்டையின் சோல் தட்டையாக இல்லை. பின்பக்கம் புடைத்து, முன்விளிம்பைவிடக் கீழே இறங்கியிருக்கிறது. அந்தச் சாய்வுக்கு பௌன்ஸ் என்று பெயர். சாண்ட் வெட்ஜில் பொதுவாக 10 முதல் 14 டிகிரி வரை. மணலில் முதலில் படவேண்டியது அந்தப் புடைப்புதான். அது படகின் அடிப்பாகம்போல மணலைத் தள்ளிக்கொண்டு வழுக்கிப் போகும், முன்விளிம்பு குடையாது. (சீவும் கத்திக்குக் கூர்முனை வேண்டும், இதற்கு மழுங்கல் வேண்டும். உவமை அந்த இடத்தில் பொருந்தாது என்பதை அக்காவிடமும் ஒப்புக்கொண்டேன்.)

இந்தப் புடைப்பைப் பிரபலமாக்கியவர் ஜீன் சாரசன் என்ற அமெரிக்க ஆட்டக்காரர். அவருக்கு முன்னும் சிலர் மணலுக்கென்று தனி மட்டை செய்து பார்த்தார்கள். குழிந்த முகம் கொண்ட ஒன்று 1931-ல் தடை செய்யப்பட்டது. சாரசன் ஹோவர்ட் ஹியூஸுடன் விமானத்தில் பறந்தபோது, வால் கீழே இறங்க விமானம் மேலே ஏறுவதைக் கவனித்தாராம். மட்டையின் பின்பக்கத்தையும் அதுபோல் இறக்கினால் என்ன என்று தோன்றி, நிப்லிக் என்ற பழைய மட்டையின் அடியில் ஈயத்தைப் பற்றவைத்து அரத்தால் ராவிப் பார்த்தார். 1932-ல் இங்கிலாந்தின் பிரின்சஸ் மைதானத்தில் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றபோது அந்த மட்டை அவர் பையில் இருந்தது. நம் ஒர்க்‌ஷாப்பில் செய்யக்கூடிய வேலைதான், இல்லையா?

சரி, செய்முறை. மணல் காய்ந்து மென்மையாக இருக்கிறது, பந்து மேலாக உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வலக்கை ஆட்டக்காரனுக்குச் சொல்கிறேன். கால்களை மணலில் கொஞ்சம் புதைத்து நில்லுங்கள். வழுக்காது, தவிர, மணல் எவ்வளவு ஆழம், எவ்வளவு இறுக்கம் என்று காலே சொல்லிவிடும். கையாலோ மட்டையாலோ மணலைச் சோதித்துப் பார்க்க விதி இடம் தராது. அடிக்கும் முன் பந்துக்குப் பின்னால் மட்டையை மணலில் வைத்தாலும் இரண்டு அடி தண்டம். பந்து இடது குதிகாலுக்கு நேரே வரட்டும். உடல் எடை இடது காலில் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். மட்டையின் முகத்தை வானத்தைப் பார்க்கத் திறந்து வையுங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: முதலில் முகத்தைத் திறக்கணும், அப்புறம்தான் பிடிக்கணும். பிடித்துவிட்டு மணிக்கட்டை முறுக்கித் திறந்தால், அடிக்கும்போது அது பழைய நிலைக்கே திரும்பிவிடும். நான் இதைக் கண்டுபிடிக்க ஆறு மாதம் ஆயிற்று.

இப்போது பந்தைப் பார்க்காதீர்கள். பந்துக்குப் பின்னால் சுமார் இரண்டு அங்குலத்தில் ஒரு மணல் பரலைப் பாருங்கள். அங்கே இறங்கி, பந்தின் அடியில் போய், அந்தப் பக்கம் வெளியே வாருங்கள். மட்டை பந்தைத் தொடவே தொடாது. இடையில் இருக்கும் மணல்தான் பந்தைத் தூக்கிக்கொண்டு போகும். விசையில் பெரும்பகுதியை மணல் விழுங்கிவிடுவதால், பத்து மீட்டர் போகவேண்டிய பந்துக்குப் புல்லில் முப்பது மீட்டருக்கு வீசுகிற மாதிரி வீசணும். பயப்படுகிறவன் பாதியில் நிறுத்துவான். நிறுத்தினால் பந்து அங்கேயே இருக்கும். அக்கா சொன்னதுதான்: நடுவுல நிக்காம.

மழை பெய்து மணல் இறுகியிருந்தால் இதே வித்தை காலை வாரிவிடும். புடைப்பு கெட்டி மணலில் எகிறி, விளிம்பு பந்தின் வயிற்றில் படும். அப்போது முகத்தை அவ்வளவு திறக்கக் கூடாது. பந்து பாதி புதைந்து, உடைத்த முட்டையின் மஞ்சள் கருபோலக் கிடந்தால் முகத்தை மூடி, செங்குத்தாக இறக்குங்கள். அங்கே மட்டை குடையத்தான் வேண்டும். பந்து வெளியே வந்தபின் நிற்காமல் ஓடும், அதற்கும் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். எதுவுமே முடியாது என்றால், 2019-ல் வந்த விதிப்படி இரண்டு அடி தண்டம் ஏற்றுக் குழிக்கு வெளியே பின்னால் வைத்து ஆடலாம். எட்டு அடியைவிட அது எவ்வளவோ மலிவு.

பயிற்சிக்கு மைதானம் வேண்டியதில்லை. சின்ன வயதில் நாங்கள் கபடி ஆடிய பாலாற்றில் இப்போது மணலைத் தேடி நடக்கணும். அது வேறு பேச்சு, ஆரம்பித்தால் மதியச் சாப்பாடு ஆறிப்போகும். தொழிற்சாலைக்குப் பின்னால் கட்டட வேலைக்குக் கொட்டிய மணலைப் பரப்பி, அதில் நீளமாக ஒரு கோடு கிழித்தேன். பந்தே கிடையாது. கோட்டில் இறங்கி, மணலை முன்னால் வீசணும். தினம் நாற்பது தடவை. கோட்டுக்குப் பின்னால் பள்ளம் விழுந்தால் தப்பு. வாட்ச்மேன் அண்ணன் முதல் வாரம் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். இரண்டாம் வாரம், "இப்ப கோட்டுல விழுது சார்" என்று எண்ணிக்கை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

மணலுக்கு வெளியே, நூறு மீட்டருக்குள் ஆடும் வெட்ஜ் அடிகளில் பிரச்சினை வேறு: தூரம். இதற்கு டேவ் பெல்ஸ் என்ற ஆசிரியரின் வழி எனக்குப் பிடித்தது. நாசாவில் விஞ்ஞானியாக இருந்துவிட்டு கோல்ஃப் சொல்லித்தர வந்தவர். இடது கையைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொண்டு ஏழரை மணி, ஒன்பது மணி, பத்தரை மணி என்று மூன்று நிலை வரை மட்டும் பின்னால் கொண்டுபோய், மூன்றிலும் ஒரே வேகத் தாளத்தில் அடிக்க வேண்டும். மூன்று வெட்ஜ் இருந்தால் ஒன்பது தூரம் கையில் கிடைக்கும். விசையை ஒரே அளவாகத் திரும்பத் திரும்பத் தர மனிதக் கையால் ஆகாது. வீச்சின் நீளத்தைத் தர முடியும். தோலின் தடிமனைக் கண்ணால் சொல்லாமல் கேஜ் வைத்துப் பார்க்கிறோமே, அந்த மாதிரி. என் 56 டிகிரி மட்டையில் ஒன்பது மணி என்றால் 45 மீட்டர். நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பிடி மட்டும் இறுகக் கூடாது. கையுறைக்கு மயிர்வகைச் செம்மறி ஆட்டின் மெல்லிய தோலைப் போடுவதே, விரலுக்கு உணர்வு தெரியட்டும் என்றுதான். நம் மேச்சேரி ஆட்டுத் தோலைத் தடவிப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு நேர்மையான குறிப்பும் சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தின் வெற்றி தோல்வியே இந்தச் சிற்றடிகளில்தான் என்று பலகாலம் சொல்லி வந்தார்கள். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி தொழில்முறை ஆட்டங்களின் ஒவ்வொரு அடியையும் கணக்கிட்டு 2014-ல் ஒரு புத்தகம் எழுதினார். சிறந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நீள அடிகளிலிருந்து வருகிறது என்பது அவர் முடிவு. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அது குழியிலிருந்து ஒரே அடியில் வெளியே வரத் தெரிந்தவர்களின் கணக்கு. எட்டு அடி எடுத்தவனுக்கு என் கணக்குதான்.

நம் நாட்டிலேயே சான்று உண்டு. கொல்கத்தாவின் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829-ல் தொடங்கியது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழையது. அங்கே புல்தரையைப் பராமரித்தவரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா. நெடுந்தூரம் அடிக்கக்கூடியவர் அல்ல. சிற்றடித் திறமைக்காக 'சிப்-புட்-சியா' என்றே பட்டப்பெயர் பெற்றவர். 2016, 2017 இரண்டு ஆண்டுகளிலும் இந்தியன் ஓப்பன் அவருடையது. 1991-ல் அந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், டில்லியில் கேடியாக இருந்தவர். 2009-ல் வென்ற முனியப்பாவும் பெங்களூரில் பை சுமந்தவர்தான். பணக்காரர்கள் ஆட்டம் என்று சொன்ன தம்பிகளுக்கு இதை ஞாபகப்படுத்துகிறேன். சுமக்கிறவனுக்கு ஆட்டம் தெரியாது என்று நினைத்தது என் தப்பு.

இரண்டு வருடம் கழித்து அதே மைதானத்துக்குப் போனேன். அந்தப் பையன் அங்கேதான் இருந்தான், மீசை முளைத்திருந்தது. ஆறாவது குழியில் பந்தை வேண்டுமென்றே பங்கரில் போட்டேன். ஒரே அடி. பந்து எழும்பி, கொடிக்கு நாலடி தள்ளி உட்கார்ந்தது. திரும்பிப் பார்த்தேன். "அன்னிக்கே சொன்னேனே சார்" என்றான். "எங்கே கத்துக்கிட்டே?" என்று கேட்டேன். திங்கட்கிழமை மைதானத்துக்கு விடுமுறை, அன்று காலையில் யாரோ தூக்கிப்போட்ட மட்டையைத் துணி சுற்றிக் கட்டி அவர்கள் ஆடுவார்களாம். அன்று வாரியை அவன் கையிலிருந்து வாங்கிப் பள்ளத்தை நானே நிரவினேன். "விடுங்க சார், நான் பாத்துக்கறேன்" என்று இழுத்தான், விடவில்லை.

நேரம் ஆகிவிட்டது என்று செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். இரண்டு சாண்ட் வெட்ஜும் ஒரு பை நிறையப் பழைய பந்துகளும் காரில் கொண்டுவந்திருக்கிறேன். நம் மைதானத்தில் நீளம் தாண்டும் மணற்குழி இருக்கிறதே, அதில் அடித்துப் பார்க்க உடற்கல்வி ஆசிரியர் ஐயாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். பிரியாணி முடிந்ததும் விருப்பமுள்ளவர்கள் வாருங்கள். ஹாஸ்டல் நண்பா, முதல் அடி உனக்கு. ஐயா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: போகும்போது அவரவர் பள்ளத்தை அவரவர் மூட வேண்டும். வாரி மரத்தடியில் இருக்கிறது.